மாடிப்படிக்கு அடியில் எட்டு ஆண்டுகள்: மலை வீட்டில் ஒரு சிவப்பு ஒயினைக் காப்பது எப்படி

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் நல்ல சிவப்பு ஒயின் பாட்டிலைக் கையில் கொடுத்து, "இப்போதே திறந்துவிடாதீர்கள், பத்து வருடம் போனால்தான் இதன் அருமை தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். குன்னூரிலோ கோத்தகிரியிலோ குடியிருக்கும் நமக்கு உடனே தோன்றுவது இதுதான்: இங்கே எப்போதும் குளிராயிற்றே, எங்கே வைத்தால் என்ன? நானும் அப்படியே நினைத்தேன். எனக்குக் கிடைத்த முதல் பாட்டிலைச் சமையலறைப் பரணில் ஏற்றி வைத்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து இறக்கியபோது கார்க் ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பி நின்றது. பாட்டிலின் கழுத்தைச் சுற்றி ஒட்டும் கறை. உள்ளே இருந்தது கொதிக்க வைத்த பழச்சாறு போல இருந்தது. யாரோ ஒரு குடும்பம் ஏழு ஆண்டுகள் காத்திருந்து வெளியே அனுப்பிய ஒயினை என் அறியாமையால் இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

அன்று கற்றது இது: மலையில் ஒயினைக் கெடுப்பது வெப்பம் அல்ல, ஏற்ற இறக்கம். பகலில் வெயில் ஏறித் தகரக் கூரை சுடுவதும் இரவில் குளிர் இறங்கி அதே கூரை சில்லிடுவதும் மாறி மாறி நடக்கிறது. சூடேறும்போது உள்ளே இருக்கும் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளுகிறது; குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. பாட்டில் இப்படித் தினமும் மூச்சு வாங்கினால், எவ்வளவு உயர்ந்த ஒயினாக இருந்தாலும் தாங்காது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த மூச்சை அடக்குவதற்கானவைதான்.

முதலில், எந்த ஒயின்?

எல்லாச் சிவப்பு ஒயினும் காத்திருக்கத் தகுந்தது அல்ல. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிக்கவென்றே தயாராகிறது. அவற்றைப் பத்து ஆண்டு பூட்டி வைத்தால் வாடிப்போகும். நெடுங்காலம் நிற்பதற்குத் துவர்ப்பும் புளிப்பும் பழத்தின் சாரமும் மூன்றும் நிறைய வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது லெபனான் நாட்டின் ஷாடோ முசார் என்னும் சிவப்பு ஒயின். பிரான்சின் பர்கண்டியிலும் இத்தாலியின் பீட்மாண்ட்டிலும் இதைவிடப் புகழ்பெற்ற ஒயின் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் மலையில் வாழும் ஒருவருக்கு முசாரின் கதை எளிதில் புரியும். 1930இல் கஸ்தோன் ஹோஷார் என்பவர் தொடங்கியது. இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில். ஒயின் தயாராகும் இடமோ மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த கசீர் என்னும் ஊரில். அதாவது ஒவ்வொரு அறுவடையும் லாரியில் மலைப்பாதை ஏறி இறங்கித்தான் ஆலைக்கு வந்து சேரும்.

பச்சைத் தேயிலை லாரியைத் தினமும் பார்க்கும் நமக்கு இதில் உள்ள கவலை தெரியும். மண்சரிவால் சாலை அடைபட்டு லாரி ஒருநாள் நின்றால் மூட்டைக்குள் இலை சூடாகிச் சிவந்துவிடும். பிறகு எந்த ஆலையும் அதற்கு நல்ல விலை தராது. லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். 1976இல் முசாரில் ஒயினே தயாராகவில்லை. 1984இல் திராட்சை ஏற்றிய லாரிகள் சண்டை நடக்கும் இடங்களைச் சுற்றிச் சுற்றிப் பல நாள் அலைந்தன. பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. மற்ற ஆண்டுகளில் எல்லாம், குண்டுகளுக்கு நடுவே, கஸ்தோனின் மகன் செர்ஜ் ஹோஷார் விடாமல் ஒயின் செய்தார். 1959 முதல் அவர்தான் பொறுப்பு. 1979இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஒயின் கண்காட்சிக்குப் பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. 2014 டிசம்பர் 31 அன்று காலமானார். அவர் செய்த ஒயின்கள் இன்னும் பலருடைய வீடுகளில் பக்குவமாகிக்கொண்டிருக்கின்றன.

செய்முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் பயன்படும். காபர்னே சோவின்யோன், சான்சோ, காரின்யான் என்ற மூன்று திராட்சைகள். தனித்தனியே சிமெண்ட் தொட்டிகளில், பழத்தோலோடு வந்த இயற்கை ஈஸ்ட்டைக் கொண்டே நொதிக்கின்றன. பிறகு சுமார் ஓராண்டு பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்களில் இருக்கின்றன. அதன் பின்னரே மூன்றும் கலக்கப்படும். வடிகட்டுவதில்லை. பாட்டிலில் அடைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்து, அறுவடையிலிருந்து ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே உங்கள் கைக்கு வரும்போதே அதற்கு ஏழு வயது.

வாங்கச் சொல்லும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். முசார் ழோன் என்றும், ஹோஷார் பேர் எ ஃபீஸ் என்றும் அதே ஆலையின் வேறு ஒயின்கள் உண்டு. முதலாவது இளமையிலேயே குடிக்க வேண்டியது, இரண்டாவது இடைப்பட்டது. நீண்ட காலம் வைக்க 'ஷாடோ முசார்' சிவப்புதான். இன்னொன்று: நம் வீடுகளில் ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் இனிப்பான திராட்சை ரசம் நினைவுக்கு வரும். இதில் இனிப்பு இல்லை. அதை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இரண்டு பாட்டில்களாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் பயணி சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு சேர்ந்தால் 1.5 லிட்டர், கணக்கு சரியாக இருக்கும். மூன்றாவது எல்லையைத் தாண்டும். ஒரே ஆண்டின் இரண்டு பாட்டில்கள் என்றால் இன்னும் நல்லது. ஒன்றைச் சில ஆண்டுகளில் திறந்து ருசி அறிந்துகொண்டு, மற்றொன்றை நீண்ட காலம் விடலாம். ஒற்றைப் பாட்டில் வைத்திருப்பவர் கடைசிவரை அது எப்படி மாறியது என்பதை அறியவே முடியாது.

ரசீதைப் பாட்டிலோடு வைத்திருங்கள். பிற மாநிலங்களிலிருந்து சாலை வழியாகக் கொண்டுவருவதற்குத் தனி விதிகள் உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவுக்கும் தமிழ்நாட்டில் வரம்பு இருக்கிறது. இரண்டையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் வரை கவனம்

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து குன்னூர் வரும் சில மணி நேரத்தில்தான் பல பாட்டில்கள் பாழாகின்றன. ஏப்ரல் மாத நண்பகலில் மேட்டுப்பாளையத்தில் சாப்பிட வண்டியை நிறுத்துவோம். நிழல் இல்லாத இடத்தில் முக்கால் மணி நேரம் நின்ற காரின் டிக்கியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் ஒயின் இருக்கக் கூடாது. ஓட்டுநர் அன்போடு "சார், பெட்டியோடு டிக்கியில் வைத்துவிடட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லி, பாட்டிலை ஸ்வெட்டரில் சுற்றி உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையாக இருந்தால் அதிகாலையிலோ மாலை சாய்ந்தோ மலையேறுவது உத்தமம். பர்லியார் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

வந்த அன்றே திறக்காதீர்கள். வளைவுகளில் ஆடிக் கலங்கிய ஒயின் அமைதியடைய இரண்டு மூன்று வாரங்களாவது ஆகும்.

வீட்டுக்குள் இடம் தேடுதல்

இதுவே முக்கியமான படி; இதற்கு ஒரு மாதம் செலவழித்தாலும் தகும்.

ஒயினுக்கு உகந்தது 12 முதல் 14 டிகிரி என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் ஆண்டு முழுவதும் அதை இயந்திரம் இல்லாமல் பெற முடியாது. கவலைப்பட வேண்டாம். 19 டிகிரியில் அசையாமல் கிடக்கும் பாட்டில், 12க்கும் 26க்கும் நடுவே ஊசலாடும் பாட்டிலைவிட நன்றாக இருக்கும். சற்று வேகமாக வயதாகும், அவ்வளவுதான்.

குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையையும் காற்றின் ஈரத்தையும் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி ஒன்றை வாங்குங்கள். வீட்டில் நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் வைத்து, தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு ஏப்ரல் மாதப் பக்கம் இப்படி இருக்கிறது: சமையலறைப் பரண் 17 முதல் 29; படுக்கையறை அலமாரி 17 முதல் 23; மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பொந்து 18 முதல் 19.5. பழைய கருங்கல் சுவர் இரண்டு பக்கம், மண்ணைத் தொட்ட தரை, சன்னல் இல்லை. துடைப்பமும் குடையும் போட்டு வைத்திருந்த அந்த இடம்தான் என் வீட்டிலேயே சிறந்த இடம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

பொதுவாக வடக்குப் பக்கத்து உள்சுவரை ஒட்டிய, தரையோடு தாழ்ந்த, இருட்டான இடம் தேடுங்கள். மேற்கு வெயில் விழும் சுவர், தகரக் கூரையின் கீழ், குளிர்காயும் கணப்புக்கு அருகில், ஃபிரிட்ஜின் பக்கத்தில் ஆகியவை ஆகாது. ஃபிரிட்ஜில் சூடு மட்டுமல்ல, ஓயாத அதிர்வும் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு உள்ளேயே வைக்கலாமே என்பார்கள். சில நாட்களுக்குச் சரி. ஆண்டுக்கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் வறட்சியில் கார்க் உலர்ந்து சுருங்கும்.

வாசனையையும் மறக்காதீர்கள். நம் ஊர் வீடுகளில் பூண்டு மூட்டை, தைலப் பாட்டில், துணிகளுக்கு நடுவே அந்துருண்டை என்று ஏதாவது ஒன்று இருக்கும். நெடுங்காலம் பக்கத்தில் இருந்தால் அந்த வாசனை ஒயினுக்குப் போய்ச் சேரக்கூடும். அந்துருண்டை போட்ட பீரோவில் எந்தக் காரணத்துக்காகவும் ஒயினை வைக்கக் கூடாது.

பிறகு ஈரம். ஈரம் கார்க்குக்கு நல்லது. நூற்றுக்கு 60 முதல் 70 வரை இருப்பது உகந்தது. ஆனால் மழைக்காலத்தில் இங்கே 90ஐத் தாண்டும். செருப்பில் பூஞ்சை பிடிக்கும் நாட்களில் பாட்டிலின் மேலும் பிடிக்கும். கார்க்கின் தலையில் தெரியும் கரும்பூஞ்சையால் உள்ளே இருக்கும் ஒயினுக்குக் கேடு இல்லை; திறக்கும்போது ஈரத்துணியால் துடைத்தால் போதும். லேபிள்தான் உரிந்து போகும். சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பாட்டிலைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். அட்டைப்பெட்டி மழையில் ஊறிக் கரையானை அழைத்துவரும். அதைத் தூக்கிப் போடுங்கள். பதிலாக, மூடியுள்ள தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, நாற்றம் போக ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, அதற்குள் பாட்டிலைப் படுக்க வைத்தால் பகல் இரவு வேறுபாடு இன்னும் குறையும். படுக்க வைப்பது கட்டாயம். ஒயின் கார்க்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் அது ஊறி இறுகி நிற்கும்.

அதன் பிறகு தொடாதீர்கள். விருந்தினர் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டும் ஆசை வரும். பாட்டிலின் படத்தைக் காட்டுங்கள்.

காத்திருக்கும்போது உள்ளே நடப்பது

தேயிலையை அதிக நேரம் கொதிக்கவிட்டுப் பாலில்லாமல் குடித்தால் நாக்கு உலர்ந்து ஒட்டுகிறது அல்லவா? இளம் சிவப்பு ஒயினிலும் அதே துவர்ப்புதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. ஆண்டுகள் போகப் போகத் துவர்ப்புப் பொருளின் நுண்துகள்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் சேர்ந்து பெரிதாகி, கடைசியில் கனம் தாங்காமல் வண்டலாகப் படிகின்றன. அதனால்தான் பழைய ஒயின் நிறம் வெளுத்துச் செங்காவியாகிறது, நாக்கில் மென்மையாகிறது. புதிய பழத்தின் வாசனை மெல்ல மறைந்து உலர்ந்த அத்தி, பேரீச்சை, கிராம்பு, தோல், பழைய சாதிக்காய்ப் பெட்டியின் உள்வாசனை என்று ஒவ்வொன்றாக எழுகிறது.

எப்போது திறப்பது? முசாருக்கு என் கணக்கு, அறுவடையிலிருந்து 15 ஆண்டுகள். ஏழாம் ஆண்டில் கைக்கு வந்தால் இன்னும் எட்டு. நம் வீட்டு வெப்பநிலையில் அதற்கு மேல் நீட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திறக்கும் நாள்

இரண்டு நாள் முன்பாகப் பாட்டிலைக் குலுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வடிகட்டாத ஒயின் என்பதால் வண்டல் நிறைய இருக்கும். அது அடியில் இறங்க நேரம் வேண்டும்.

டிசம்பர், ஜனவரி என்றால் அறையே 13 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை எழாது, துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். 17, 18 டிகிரி வேண்டும். கணப்புக்கு அருகில் வைத்துச் சூடாக்காதீர்கள். ஆட்கள் புழங்கும் அறையில் இரண்டு மணி நேரம் வைத்தாலே ஏறிவிடும்.

கார்க் பழையதாக இருக்கும். சாதாரணத் திருகியால் இழுத்து, பாதி கையிலும் பாதி உள்ளேயுமாக உடைந்துபோன அனுபவம் எனக்கு உண்டு. திருகு இல்லாமல் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள் கொண்ட எடுப்பான் ஒன்று கிடைக்கிறது. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீளமான தகட்டை முதலில் சற்று நுழைத்து, அடுத்ததையும் நுழைத்து, ஆட்டி ஆட்டி இறக்கிய பின், சுழற்றிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். பதற்றப்படாமல் செய்தால் இருபது வயதுக் கார்க்கும் முழுதாக வரும்.

இனி வேறு கலத்துக்கு மாற்றுவது. விலை உயர்ந்த கண்ணாடிக் குடுவை தேவையில்லை. சோப்பு வாசனை இல்லாத தெளிவான கண்ணாடி ஜாடி போதும். கைபேசியின் விளக்கை ஏற்றி மேசைமேல் நிறுத்தி, பாட்டிலின் கழுத்து அந்த ஒளிக்கு நேர்மேலே வரும்படி பிடித்து, ஒரே ஓட்டமாக, நிறுத்தாமல் சாய்த்து ஊற்றுங்கள். முதலில் கழுத்துக்குள் மாணிக்கம் போலத் தெளிவாக ஓடும். பாட்டில் முக்கால்வாசி காலியானபோது தோள்பகுதியில் புகை போல மங்கல் தெரியும். அடுத்து நூல் போன்ற கருங்கோடு ஒன்று கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும். அந்தக் கோடு வாயைத் தொடும்முன் நிமிர்த்திவிடுங்கள். அடியில் இரண்டு மடக்கு மீதியாகும். அதை வடிகட்டிச் சேர்க்க முயலாதீர்கள். கசப்பைச் சேர்ப்பதாகவே முடியும்.

முதல் முகர்வில் லேசான காடி நெடி, நகப்பூச்சு போன்ற கூர்மை தெரியலாம். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அது முசாரின் இயல்பு. அரை மணி நேரத்தில் காற்றுப்பட்டுப் பழ வாசனைக்குள் அடங்கிவிடும். அடங்காமல் மேலும் மேலும் ஏறினால்தான் உண்மையிலேயே காடியாகிவிட்டது என்று பொருள். நனைந்த சாக்கு, மக்கிய செய்தித்தாள் போல நாறினால் கார்க்கில் இருந்த கோளாறு. அது காற்றுப்பட்டாலும் போகாது. அதில் உங்கள் தவறு ஏதும் இல்லை.

ஒரே மூச்சில் குடித்து முடிக்காமல் இரண்டு மணி நேரம் நீட்டுங்கள். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் வாசனை மாறுவதைக் கவனிப்பதற்காகத்தானே இவ்வளவு காலம் காத்திருந்தோம். கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

உடன் சாப்பிட, மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்டு மெதுவாக வேகவைத்த ஆட்டிறைச்சி, நெய்யில் வதக்கிய காளான், அடுப்பில் சுட்ட ஊட்டி உருளைக்கிழங்கு. மலைகளில் இப்போது நல்ல சீஸ் கிடைக்கிறது, அதுவும் பொருந்தும். புளிக்குழம்பையும் காரத்தையும் அன்று ஒதுக்கி வையுங்கள். பழைய ஒயினின் மெல்லிய வாசனை அவற்றின் முன் நிற்காது. ஒரு பாட்டிலை ஐந்தாறு பேர் பகிர்ந்துகொண்டாலும் அது மதுதான். வந்தவர்களுக்கு இரவு தங்கப் படுக்கை போட்டு வையுங்கள், அல்லது குடிக்காத ஒருவர் வண்டியோட்டட்டும். பனிமூட்டத்தில் நம் வளைவுகள் தெளிந்த கண்ணுக்கே சவால்.

மிஞ்சினால் சிறிய பாட்டில் ஒன்றில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். மறுநாள் மாலை வரை நன்றாகவே இருக்கும். அன்றிரவே நோட்டில் நிறம், வாசனை, திறந்த தேதி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். இரண்டாவது பாட்டிலை எப்போது எடுப்பது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறீர்கள்.

காலிப் பாட்டிலை வீட்டுக்குப் பின்னால் சரிவில் எறியாதீர்கள். அந்தத் தேயிலைச் சரிவில் காலையில் கொழுந்து பறிக்க வருபவர்களும் இரவில் மேய வரும் காட்டெருமைகளும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கழுவி, உலர்த்தி, கண்ணாடி சேகரிப்பவரிடம் கொடுங்கள்.